ரா கோப்பை மாற்றித் திருத்தும்போது பிட் ஆழத்தைக் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிட் ஆழம் என்பது படத்தின் ஒவ்வொரு நிறத்தையும் எத்தனை படிகளில் பதிவு செய்கிறோம் என்பதன் அளவு. கேமரா 14 பிட்டில் பதிவு செய்த ரா கோப்பு, அதாவது சென்சார் அளந்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு, திருத்தும் மென்பொருளுக்குள் போய்ச் சேரும்போது 8 பிட் படமாகச் சுருங்கியிருப்பது பெரும்பாலும் யாரும் கவனிக்காமலேயே நடந்துவிடும் இழப்பு. திறந்தவுடன் படம் நன்றாகவே தெரியும். நிழல் பகுதியைத் தூக்கும்போதோ வானத்தின் நிறத்தை அழுத்தமாக்கும்போதோதான் பட்டை பட்டையாக வரிகள் எழும். அதற்குள் பல மணி நேர வேலை முடிந்திருக்கும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 16 பிட்டில் கொண்டுவந்த கோப்பைச் சில மென்பொருள்கள் திறக்கவே மறுக்கும். சில திறந்துவிட்டு, லேயர், ஃபில்டர் மெனுக்களைச் சாம்பல் நிறத்தில் முடக்கி வைக்கும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ரா மாற்றி (ரா கோப்பைப் படமாக்கும் மென்பொருள்), கோப்பு வடிவம், திருத்தி, இறுதி வெளியீடு என்ற நான்கு கட்டங்களில் எது மிகக் குறுகலோ அதன் அளவுக்குத்தான் படத்தின் தரவு மிஞ்சும். குறுகலைத் தவிர்க்க முடியாது. இணையத்துக்கும் அச்சகத்துக்கும் போகும் படம் கடைசியில் 8 பிட்டாகத்தான் போகப்போகிறது. ஆனால் அந்தக் குறுகல் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை மென்பொருளின் இயல்பமைப்பு முடிவு செய்யக் கூடாது, நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கீழே உள்ள படிகள் அனைத்தும் அதற்காகவே.

எண்களுக்குப் பின்னால் இருப்பது

ஒரு சேனலுக்கு 8 பிட் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ 1 கோடியே 67 லட்சம் நிறங்கள். 12 பிட் 4,096 படிகளையும், 14 பிட் 16,384 படிகளையும், 16 பிட் 65,536 படிகளையும் தரும். 2007ஆம் ஆண்டு வெளிவந்த கேனான் இஓஎஸ் 40டி, நிக்கான் டி300 ஆகியவற்றோடு 14 பிட் ரா நடுத்தர வகைக் கேமராக்களுக்கும் வந்துவிட்டது. 2019இல் வந்த ஃபியூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 100 போன்ற பெரிய சென்சார் கேமராக்கள் 16 பிட் ராவையே தருகின்றன.

எண்ணும் முறையில் ஒரு குழப்பம் இருக்கிறது. அதை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. சில மென்பொருள்கள் ஒரு சேனலுக்கு எத்தனை பிட் என்று சொல்லும். சில, ஒரு பிக்சலுக்கு மொத்தம் எத்தனை பிட் என்று சொல்லும். ஆகவே 24 பிட் என்று காட்டப்படும் படம், சேனலுக்கு 8 பிட் கொண்ட சாதாரணப் படம்தான். 48 பிட் என்று காட்டப்படுவதே சேனலுக்கு 16 பிட் கொண்டது. 32 பிட் என்ற சொல்தான் அதிகம் ஏமாற்றக்கூடியது. ஒளிபுகும் அளவைக் குறிக்கும் ஆல்ஃபா சேனலையும் சேர்த்து நான்கு சேனலுக்குத் தலா 8 பிட் என்ற எளிய பொருளும் அதற்கு உண்டு. சேனல் ஒன்றுக்கே 32 பிட் மிதவைப் புள்ளி (மதிப்புகளைப் பின்ன எண்களாக வைக்கும் முறை) என்ற, பல மென்பொருள்களால் கையாளவே முடியாத பொருளும் உண்டு. இந்தக் கட்டுரையில் பிட் என்று வரும் இடமெல்லாம் சேனலுக்கான பிட்டையே குறிக்கிறது.

14 பிட்டுக்கும் 8 பிட்டுக்கும் உள்ள வேறுபாடு எங்கே வலிக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். சென்சார் ஒளியை நேர்கோட்டு முறையில் அளக்கிறது: ஒளி இரட்டிப்பானால் பதிவாகும் எண்ணும் இரட்டிப்பாகும். அதனால் 14 பிட் கோப்பில் மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப் (ஒளி இரட்டிப்பாகும் ஓர் அளவு) மட்டும் 8,192 படிகளை எடுத்துக்கொள்கிறது; அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048 என்று பாதி பாதியாகக் குறைந்து, ஏழாவது ஸ்டாப்புக்கு, அதாவது ஆழ்ந்த நிழலுக்கு, 128 படிகள் மிஞ்சுகின்றன. அதே படத்தை எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (நிறவெளி என்பது படம் காட்டக்கூடிய நிறங்களின் வரம்பு) 8 பிட் ஜேபெக்காக மாற்றினால், காமா வளைவு நிழலுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் ஒதுக்கிய பிறகும், அந்த ஏழாவது ஸ்டாப்புக்குக் கிடைப்பது சுமார் 12 படிகளே. இப்போது அந்த நிழலை மூன்று ஸ்டாப் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். அது 0 முதல் 255 வரையான அளவுகோலில் ஏறத்தாழ 71க்கும் 99க்கும் இடைப்பட்ட பகுதிக்கு வந்து சேரும். 28 இடங்களை நிரப்ப வேண்டும், கையில் இருப்பதோ 12 மதிப்புகள். மீதி இடங்கள் காலியாகவே கிடக்கும். ஹிஸ்டோகிராமில் (பிரகாச அளவுகளின் பரவலைக் காட்டும் வரைபடத்தில்) சீப்பின் பற்களைப் போல இடைவெளிகள் தெரிவது இதனால்தான். ரா தரவிலிருந்தோ 16 பிட் கோப்பிலிருந்தோ தூக்கியிருந்தால் அதே 28 இடங்களுக்கு 128 மதிப்புகள் இருந்திருக்கும்.

எல்லாப் படத்துக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அதிக ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறனில்) எடுத்த படத்தில் இருக்கும் இரைச்சல், அதாவது புள்ளி புள்ளியான குறை, படிகளுக்கு இடையேயான எல்லைகளைக் கலைத்துவிடும். அங்கே பட்டைகள் எளிதில் தோன்றா. தெளிந்த வானம், அந்தி நேரத்து நிறமாற்றம், ஸ்டுடியோவின் ஒரே நிறப் பின்திரை, பனிமூட்டம், கறுப்பு வெள்ளையாக மாற்றப்படும் படம் ஆகியவைதான் 16 பிட்டை உண்மையில் கேட்பவை. வேலை நெருக்கடியில் எல்லாவற்றையும் 16 பிட்டில் வைத்திருக்க முடியாதவர்கள் முதலில் இவற்றைக் காப்பாற்றட்டும்.

படி 1: உங்கள் மென்பொருள்களின் எல்லையை அறிந்துகொள்ளுங்கள்

எந்தெந்த மென்பொருள்களின் வழியாகப் படம் போகப்போகிறது என்று முதலில் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எல்லையையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபோட்டோஷாப் 16 பிட்டை நன்றாகவே கையாளும். 2003இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ் பதிப்பிலிருந்து 16 பிட் படத்தில் லேயர்களும் வேலை செய்கின்றன. ஆனால் ஃபில்டர் கேலரியில் உள்ள ஓவிய வகை ஃபில்டர்கள் இன்றும் 8 பிட்டுக்கு மட்டுமே திறக்கும். 32 பிட்டுக்குப் போனால் மேலும் பல கருவிகள் முடங்கும். ஃபோட்டோஷாப்பின் 16 பிட் உள்ளுக்குள் 0 முதல் 32,768 வரையான படிகளைக் கொண்டது. 65,536 படிகள் முழுவதும் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை, 14 பிட் ராவுக்கு அது தாராளமாகப் போதும்.

ஃபோட்டோஷாப் எலிமென்ட்ஸ் வேறு கதை. அதன் ரா சாளரம் 16 பிட்டில் படத்தைத் தரும். ஆனால் திருத்திக்குள் 16 பிட் படத்தில் லேயர்களைப் பயன்படுத்த முடியாது. லேயர் சேர்க்க முனைந்தால் 8 பிட்டாக மாற்றச் சொல்லும். "மெனு ஏன் முடங்கிக் கிடக்கிறது" என்று எலிமென்ட்ஸ் பயன்படுத்துவோர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை இதுதான்.

கிம்ப், 2018 ஏப்ரலில் வந்த 2.10 பதிப்பிலிருந்துதான் சேனலுக்கு 16 பிட், 32 பிட் ஆகியவற்றைக் கையாள்கிறது. 2.8உம் அதற்கு முந்தைய பதிப்புகளும் எந்த 16 பிட் கோப்பைத் திறந்தாலும் 8 பிட்டாகச் சுருக்கிவிடும். பழைய கணினியில் பழைய கிம்ப் இருந்தால், ரா மாற்றியில் எவ்வளவு கவனமாக 16 பிட் டிஃப் (TIFF) கோப்பு உருவாக்கினாலும் பயனில்லை. முதலில் கிம்ப்பைப் புதுப்பிக்க வேண்டும். கிரிட்டாவும் அஃபினிட்டி ஃபோட்டோவும் 16 பிட்டையும் 32 பிட்டையும் ஏற்கும். பெயிண்ட்.நெட், இர்ஃபான்வியூ ஆகியவை உள்ளுக்குள் 8 பிட்டில் இயங்குபவை. அவற்றில் படத்தைத் திறந்து பார்க்கலாம், ஆனால் அங்கிருந்து அதே கோப்பின் மேல் சேமிக்கக் கூடாது.

கோப்பு வடிவங்களைப் பொறுத்தவரை, நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஜேபெக் 8 பிட் மட்டுமே. டிஃப் வடிவம் 8, 16, 32 பிட் மூன்றையும் தாங்கும். பிஎன்ஜி 8, 16 இரண்டையும் தாங்கும். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டியும் 16 பிட்டைத் தாங்கும். மென்பொருள்களுக்கு இடையே படத்தைக் கைமாற்றுவதற்கு 16 பிட் டிஃப்பே பாதுகாப்பானது. பிஎன்ஜியும் தரவை இழக்காது. ஆனால் பெரிய படங்களைச் சேமிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்.

படி 2: ரா மாற்றியில் இரண்டு அமைப்புகளைச் சேர்த்தே மாற்றுங்கள்

பிட் ஆழமும் நிறவெளியும் இணைபிரியாதவை. புரோஃபோட்டோ ஆர்ஜிபி போன்ற மிக அகலமான நிறவெளியில் 256 படிகளைப் பரப்பினால், அடுத்தடுத்த படிகளுக்கு இடையேயான தூரம் கூடி, எஸ்ஆர்ஜிபியில் தெரியாத பட்டைகள்கூடத் தெரியத் தொடங்கும். ஆகவே 16 பிட் என்றால் புரோஃபோட்டோ ஆர்ஜிபி அல்லது அடோபி ஆர்ஜிபி. 8 பிட் என்றால் எஸ்ஆர்ஜிபி. இந்த இணைப்பை எப்போதும் மாற்றாதீர்கள். 8 பிட் புரோஃபோட்டோ என்பது எந்தப் பயனும் இல்லாத கலவை; அதை எந்தச் சூழ்நிலையிலும் தவிர்க்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அடோபி கேமரா ராவில், சாளரத்தின் அடிப்பகுதியில் நிறவெளி, பிட் ஆழம், பிக்சல் அளவு ஆகியவை ஒரு வரியாகக் காட்டப்படும். பலர் அது வெறும் தகவல் என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் அது ஓர் இணைப்பு. அதைச் சொடுக்கினால் திறக்கும் அமைப்பில் 16 பிட்டைத் தேர்ந்தெடுக்கலாம். எலிமென்ட்ஸின் ரா சாளரத்தில் டெப்த் என்ற சிறு மெனு கீழே இருக்கும். லைட்ரூம் கிளாசிக்கில் பிரிஃபரன்ஸஸ் சாளரத்தின் எக்ஸ்டர்னல் எடிட்டிங் பகுதியில் கோப்பு வடிவம், நிறவெளி, பிட் ஆழம் மூன்றையும் அமைக்க வேண்டும். அங்கேயே கூடுதல் திருத்திகளுக்குத் தனித்தனி முன்னமைப்புகளை வைத்துக்கொள்ள வசதி உண்டு. ஃபோட்டோஷாப்புக்கு 16 பிட் புரோஃபோட்டோ டிஃப் என்று ஒன்றும், 8 பிட்டை மட்டுமே ஏற்கும் வேறு திருத்திக்கு 8 பிட் எஸ்ஆர்ஜிபி டிஃப் என்று இன்னொன்றும் வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் அமைப்பை மாற்ற வேண்டிய தேவையும் அதில் மறந்துபோகும் ஆபத்தும் இல்லாமல் போகும்.

டார்க்டேபிளில் எக்ஸ்போர்ட் பகுதியில் டிஃப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு, அதற்குக் கீழே பிட் ஆழம் தனியாகக் கேட்கப்படும். ஜேபெக்கை டிஃப் என்று மாற்றியதோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணாமல், அங்கே 16 பிட் தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஃப் என்ற பெயர் மட்டுமே 16 பிட்டுக்கு உத்தரவாதம் ஆகாது. ராதெரபியில் சேமிக்கும் சாளரத்திலேயே 8 பிட், 16 பிட் என்று தனித்தனியாகத் தேர்வுகள் இருக்கும். இரண்டிலும் 32 பிட் மிதவைப் புள்ளி டிஃப்பும் கிடைக்கும். வேறு திருத்திக்குக் கொண்டுபோவதாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கட்டளை வரியில் டிசிராவைப் பயன்படுத்துவோர் இன்னும் இருக்கிறார்கள். டேவ் காஃபின் 1997 முதல் உருவாக்கி வந்த அந்தச் சிறு நிரல், எதுவும் சொல்லாவிட்டால் 8 பிட்டில்தான் வெளியிடும். -6 என்ற விருப்பத்தைச் சேர்த்தால் 16 பிட் கிடைக்கும். -4 என்று கொடுத்தாலும் 16 பிட்தான், ஆனால் காமா வளைவு இல்லாத நேர்கோட்டுப் படம். அதைச் சாதாரணத் திருத்தியில் திறந்தால் ஏறத்தாழ இருட்டாகத் தெரியும். கோப்பு கெட்டுவிடவில்லை, தேர்ந்தெடுத்த விருப்பம்தான் வேறு. அளவீட்டுப் பணிக்கோ வானியல் படங்களை அடுக்குவதற்கோ அது ஏற்றது. சாதாரணத் திருத்தத்துக்கு -6 போதும்.

இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ரா கோப்புக்குள் கேமரா ஒரு சிறு ஜேபெக் முன்னோட்டத்தையும் வைத்திருக்கும். விரைவாக மாற்றித் தரும் சில கருவிகள் ராவைத் தொடாமல் அந்த முன்னோட்டத்தையே எடுத்துக் கொடுத்துவிடும். அதை 16 பிட் டிஃப்பாகச் சேமித்தாலும் உள்ளே இருப்பது 8 பிட் ஜேபெக்கின் தரவுதான்.

படி 3: மாற்றிய கோப்பைத் திறப்பதற்கு முன் சரிபாருங்கள்

இது அரை நிமிட வேலை. இதைத் தவிர்ப்பதால்தான் பின்னால் மணிக்கணக்கான வேலை வீணாகிறது. விண்டோஸில் டிஃப் கோப்பின் மேல் வலச்சொடுக்கி, பிராப்பர்டீஸ் சாளரத்தில் டீடெய்ல்ஸ் பகுதியைப் பாருங்கள். பிட் டெப்த் என்ற வரியில் 48 என்று இருந்தால் சேனலுக்கு 16 பிட். 24 என்று இருந்தால் 8 பிட். மேக் கணினியில் பிரிவியூ செயலியின் இன்ஸ்பெக்டர் சாளரம் டெப்த் என்ற வரியில் 16 அல்லது 8 என்று நேரடியாகவே காட்டும். ஃபோட்டோஷாப்பில் படத்தைத் திறந்தால் தாவலின் தலைப்பில் ஆர்ஜிபி என்பதற்குப் பக்கத்தில் சாய்கோட்டிட்டு 16 அல்லது 8 என்று இருக்கும். கிம்ப்பிலும் சாளரத் தலைப்பில் துல்லியம் எழுதப்பட்டிருக்கும்.

கோப்பின் அளவும் ஒரு நல்ல சாட்சி. 6000க்கு 4000 பிக்சல் கொண்ட 24 மெகாபிக்சல் படம், சுருக்கம் எதுவும் இல்லாத டிஃப்பாக 8 பிட்டில் 72 எம்பி, 16 பிட்டில் 144 எம்பி, 32 பிட்டில் 288 எம்பி இருக்க வேண்டும். 144 எதிர்பார்க்கும் இடத்தில் 72 வந்திருந்தால், திறந்து பார்க்காமலேயே தவறு தெரிந்துவிடும்.

இருந்தாலும் மேற்கண்ட சோதனைகள் கொள்கலனை மட்டுமே அளக்கின்றன. உள்ளே இருக்கும் தரவு உண்மையிலேயே 16 பிட்டா என்பதை அவை சொல்லமாட்டா. வேறு ஒருவர் அனுப்பிய கோப்பில் ஐயம் இருந்தால், அதன் நகலில் லெவல்ஸைக் கடுமையாக இழுத்துப் பாருங்கள். நிழல் பகுதியை நான்கு மடங்கு விரித்த பிறகு ஹிஸ்டோகிராம் தொடர்ச்சியாக இருந்தால் தரவு உண்மையானது. ஒழுங்கான இடைவெளியில் ஓட்டைகள் விழுந்தால், எங்கோ ஒரு கட்டத்தில் படம் 8 பிட் வழியாக வந்திருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் ஹிஸ்டோகிராம் பலகையில் எச்சரிக்கை முக்கோணம் தெரிந்தால் அதைச் சொடுக்கிப் புதுப்பித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். தற்காலிகச் சேமிப்பிலிருந்து வரைந்த ஹிஸ்டோகிராம் தவறாகக் காட்டக்கூடும்.

8 பிட் கோப்பை 16 பிட்டாக மாற்றினால் இழந்த படிகள் திரும்பி வரா. ஆனால் அதில் ஒரு சிறு பயன் உண்டு: அதற்குப் பின் செய்யும் ஒவ்வொரு திருத்தத்திலும் ஏற்படும் முழுமையாக்கப் பிழைகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேராமல் இருக்கும். ரா கோப்பு கையில் இல்லாத நிலையில், ஜேபெக்கில் நிறையத் திருத்த வேண்டியிருந்தால் இதைச் செய்யலாம். ரா கையில் இருந்தால் மீண்டும் ராவிலிருந்தே தொடங்குவதுதான் சரி.

படி 4: கனமான திருத்தங்களை அகலமான இடத்திலேயே முடியுங்கள்

வெண் சமநிலை, எக்ஸ்போஷர், ஹைலைட்டை மீட்டல், நிழலைத் தூக்கல், லென்ஸ் ஓர இருட்டைச் சரிசெய்தல் ஆகிய ஐந்தும் ரா மாற்றிக்குள்ளேயே முடிய வேண்டியவை. அங்கே கணக்கீடு சென்சார் தரவின் மேல் நடக்கிறது. டிஃப்பாக வெளியே வந்த பிறகு வெண் சமநிலை ஏற்கெனவே பிக்சல்களில் பதிந்துவிட்டிருக்கும். 16 பிட் டிஃப்பில் அதை ஓரளவு திருத்தலாம் என்றாலும், ரா மாற்றியில் செய்வதற்கு ஈடாகாது.

திருத்தியில் செய்ய வேண்டியவை அதற்குப் பின் வருபவை: கர்வ்ஸ் கொண்டு பகுதி பகுதியாகச் சீர்செய்தல், மறைப்பு லேயர்கள், தேவையற்றதை நீக்கல், நிறத்தை நுணுக்கமாக மாற்றல். ஃபோட்டோஷாப்பில் வேலை செய்யும்போது இன்ஃபோ பலகையின் எண்களை 16 பிட்டாகக் காட்டும்படி அமைத்துக்கொள்ளலாம். வானத்தின் இரு அண்டைப் புள்ளிகளில் சுட்டியை வைத்துப் பார்த்தால், 8 பிட் அளவுகோலில் ஒரே எண்ணாகத் தெரிந்தவை 16 பிட்டில் வெவ்வேறு எண்களாக இருப்பதைக் கண்ணால் காணலாம்.

கிம்ப்பில் 16 பிட் டிஃப்பைத் திறந்தவுடன் இமேஜ் மெனுவில் பிரிசிஷன் பகுதிக்குப் போய், 16 பிட் என்று இருப்பதை உறுதிசெய்யுங்கள். நிறையத் திருத்தப்போகிறீர்கள் என்றால் அங்கேயே 32 பிட் மிதவைப் புள்ளிக்கு மாற்றிக்கொண்டு வேலை செய்வது நல்லது. கிம்ப்பின் உள்ளமைப்பு அதற்கேற்றதுதான். நினைவகம் குறைவாக உள்ள கணினியில் 16 பிட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். நேரடியாக ரா கோப்பையே கிம்ப்பில் திறந்தால், கணினியில் நிறுவியிருக்கும் டார்க்டேபிளையோ ராதெரபியையோ அது அழைத்து, அங்கே முடித்த படத்தை உயர்ந்த துல்லியத்திலேயே வாங்கிக்கொள்ளும். அதனால் இடையில் டிஃப் உருவாக்கும் வேலையே இல்லை. கிம்ப் பயன்படுத்துவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

ஒட்டும்போது கவனம் தேவை. 16 பிட் படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து 8 பிட் ஆவணத்தில் ஒட்டினால், ஒட்டியது அந்த நொடியே 8 பிட்டாகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. திருமண ஆல்பங்களுக்கான பிஎஸ்டி டெம்ப்ளேட்டுகள் பல 8 பிட்டில் உருவாக்கப்பட்டவை. அவற்றில் படங்களை வைத்த பிறகு நிழலைத் தூக்குவது, நிறத்தைச் சூடாக்குவது போன்ற வேலைகளைத் தொடங்குவதால்தான் மண்டபத்து விளக்கொளி பரவிய சுவர்களில் பட்டைகள் வருகின்றன. படங்களை முழுமையாகத் திருத்தி முடித்த பிறகே டெம்ப்ளேட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். அங்கே இடம் மாற்றலாம், அளவு மாற்றலாம், வெட்டலாம். ஒளி, நிற வேலை செய்யக் கூடாது.

படி 5: 8 பிட் மட்டுமே ஏற்கும் கருவி தேவைப்பட்டால்

இந்த இடத்தில்தான் பலர் முழு ஆவணத்தையும் 8 பிட்டாக மாற்றிவிட்டு, அப்படியே வேலையைத் தொடர்ந்துவிடுகிறார்கள். அது தேவையில்லை. ஃபோட்டோஷாப்பில் ஆவணத்தை நகலெடுத்து, நகலில் எல்லா லேயர்களையும் இணைத்து, நகலை மட்டும் 8 பிட்டாக மாற்றி, வேண்டிய ஃபில்டரை அதில் இயக்குங்கள். பிறகு மூவ் கருவியால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு, அந்த லேயரை மூல 16 பிட் ஆவணத்துக்குள் இழுத்து விடுங்கள். பிக்சல் அளவு ஒன்றாக இருப்பதால் அது சரியாகப் பொருந்தி உட்காரும். அதற்கு ஒரு மறைப்பு சேர்த்து, ஃபில்டர் தேவையான இடத்தில் மட்டும் தெரியச் செய்தால், படத்தின் மீதிப் பகுதிகள் தம் முழு ஆழத்தோடு இருக்கும். வானத்துக்கு மட்டும் அந்த லேயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலிமென்ட்ஸில் இந்த வழி கிடையாது. அங்கே வரிசைதான் எல்லாம். ரா சாளரத்தில் ஒளி, நிறம் சார்ந்த அனைத்தையும் முடித்து, 16 பிட்டில் திறந்து, லேயர் தேவைப்படாத லெவல்ஸ் முதலிய திருத்தங்களைப் பின்னணிப் படத்தின் மேலேயே செய்து, ஒரு 16 பிட் டிஃப் நகலைச் சேமித்துக்கொண்டு, அதன் பிறகே இமேஜ் மெனுவின் மோட் பகுதியில் 8 பிட்டாக மாற்ற வேண்டும். மாற்றியதும் லேயர்கள் திறக்கும். அப்போது அவற்றில் எழுத்து, சட்டகம், சிறு குறை நீக்கம் போன்ற, படிகளை விரிக்காத வேலைகளை மட்டும் செய்யுங்கள்.

32 பிட் கோப்பு தவறுதலாக வந்துவிட்டால் ஃபோட்டோஷாப்பில் அதை 16 பிட்டாக மாற்றும்போது ஹெச்டிஆர் டோனிங் சாளரம் திறக்கும். அதில் முறையை எக்ஸ்போஷர் அண்ட் காமா என்று வைத்தால் படத்தின் தோற்றம் மாறாமல் இருக்கும். மற்ற முறைகள் ஒளிப் பரவலையே மாற்றிவிடும்.

படி 6: குறுக்குவதைக் கடைசியில், சரியான வரிசையில் செய்யுங்கள்

வெளியீட்டுக்கு எப்போதும் நகலையே பயன்படுத்துங்கள். நகலில் முதலில் லேயர்களை இணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் 8 பிட்டாக மாற்றினால், ஒவ்வொரு அட்ஜஸ்ட்மென்ட் லேயரும் (பிக்சல்களைத் தொடாமல் திருத்தத்தை மட்டும் வைத்திருக்கும் லேயர்) 8 பிட் தரவின் மேல் மீண்டும் கணக்கிடப்படும்; 16 பிட்டில் திரையில் பார்த்த வழுவழுப்பான வானம் மாற்றியவுடன் பட்டையாவதற்கு இது ஒரு பெரிய காரணம். இணைத்த பிறகு, இன்னும் 16 பிட்டில் இருக்கும்போதே நிறவெளியை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். நிறவெளி மாற்றமும் ஒரு கணக்கீடுதான். அதையும் அகலமான இடத்திலேயே முடித்துவிட வேண்டும். பிறகு வேண்டிய பிக்சல் அளவுக்குக் குறைத்து, கூர்மையாக்கி, அதன் பின்னரே 8 பிட்டாக்கி ஜேபெக்காகச் சேமிக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வானத்தில் பட்டை எஞ்சினால், 8 பிட்டாக்குவதற்குச் சற்று முன் வானத்தில் மட்டும் மிகச் சிறிய அளவில், ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக, ஆட் நாய்ஸ் ஃபில்டரைப் பயன்படுத்துங்கள். அதிக ஐஎஸ்ஓ படங்களில் இரைச்சல் தானாகச் செய்யும் வேலையை இது செய்கிறது. கிம்ப்பில் துல்லியத்தை 8 பிட்டாகக் குறைக்கும் சாளரத்திலேயே டிதரிங் (படிகளின் எல்லையைச் சிறு இரைச்சலால் கலைக்கும் முறை) தேர்வு உண்டு. அதை இயக்கினால் தனியாக இரைச்சல் சேர்க்கத் தேவையிருக்காது.

முடிவு எடுக்கும்போது படத்தை 100 விழுக்காட்டு அளவில் வைத்துப் பாருங்கள். சிறிதாக்கிய காட்சியில் தெரியும் பட்டைகள் மென்பொருள் விரைவுக்காக வரைந்த தற்காலிகக் காட்சியின் குறையாக இருக்கலாம். திரையும் பொய் சொல்லக்கூடும்: விலை குறைந்த பல திரைகள் சேனலுக்கு 6 பிட்டையே கொண்டு, வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி 8 பிட் போலத் தோற்றமளிக்கின்றன. ஐயம் இருந்தால் அதே கோப்பை இன்னொரு திரையில் திறந்து பாருங்கள். அங்கே பட்டை இல்லையென்றால் கோப்பில் குறையில்லை.

எதைச் சேமித்து வைப்பது

மூல ரா கோப்பையும், அதற்குரிய திருத்தக் குறிப்புகள் அடங்கிய எக்ஸ்எம்பி கோப்பையும் எப்போதும் வைத்திருங்கள். லேயர்களோடு கூடிய 16 பிட் பிஎஸ்டி அல்லது டிஃப் ஒன்று மூலப்பிரதியாக இருக்கட்டும். 24 மெகாபிக்சல் படத்தில் முழு அளவு லேயர் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 144 எம்பியைக் கூட்டும் என்பதால், தேவையற்ற பிக்சல் லேயர்களை நீக்கிவிட்டுச் சேமிப்பது நல்லது. அட்ஜஸ்ட்மென்ட் லேயர்கள் அவ்வளவு இடம் பிடிப்பதில்லை. டிஃப்புக்குச் சுருக்கம் தேர்ந்தெடுக்கும்போது எல்இசட்டபிள்யூ 16 பிட் படங்களுக்கு ஏற்றதல்ல. பல நேரங்களில் அது கோப்பைப் பெரிதாக்கிவிடும். ஜிப் சுருக்கம் சிறிதாக்கும், தரவையும் இழக்காது. ஆனால் சில பழைய மென்பொருள்கள் அதைத் திறப்பதில்லை என்பதால், வேறொருவருக்கு அனுப்பும் டிஃப்பைச் சுருக்கமின்றியே அனுப்புங்கள். டிஃப் கோப்பு 4 ஜிபியையும் பிஎஸ்டி 2 ஜிபியையும் தாண்ட முடியாது. பல படங்களை ஒட்டி உருவாக்கும் அகலப் படங்கள் அந்த எல்லையை எளிதில் எட்டிவிடும், அப்போது ஃபோட்டோஷாப்பில் பிஎஸ்பி வடிவத்தில் சேமிக்க வேண்டும். இடையில் உருவான 8 பிட் டிஃப்புகளையும், அனுப்பி முடித்த ஜேபெக்குகளையும் அழித்துவிடலாம்; மூலப்பிரதியிலிருந்து அவற்றை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம்.